தட்டு வாங்குமுன் வானத்தையும் கரண்ட் பில்லையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய பிறகு, டவர் சிக்னல் எட்டாத தோட்டங்களிலும் பலர் அதன் தட்டை (டிஷ் அன்டெனாவை) வாங்க யோசிக்கிறார்கள். பத்திரிகைகளில் வேகத்தைப் பற்றியே அதிகம் எழுதுகிறார்கள். ஆனால் மலையக வீடொன்றில் இணைப்பு நின்று பிடிக்குமா என்பதை வேகம் தீர்மானிப்பதில்லை. வீட்டுக்கு மேலே திறந்திருக்கும் வானமும் வீட்டுக்கு வரும் கரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

டிவி டிஷ் ஒரே இடத்தில் நிற்கும் செய்மதியைப் பார்க்கிறது. அந்தத் திசையில் சிறு இடைவெளி கிடைத்தால் அதற்குப் போதும். ஸ்டார்லிங்க் செய்மதிகளோ ஏறக்குறைய 480 முதல் 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று போனதும் தட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இதற்கு 110 பாகை அகலத்துக்கு வானம் வேண்டும்; அதாவது கிடைமட்டத்திலிருந்து 35 பாகைக்கு மேலே எதுவும் மறைக்கக் கூடாது. கணக்கு இலகுவானது: தட்டின் மட்டத்துக்கு மேலே மரம் 10 மீற்றர் உயர்ந்து நின்றால், அது 14 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி இருக்க வேண்டும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்களும், வீட்டை ஒட்டி எழும் மலைச்சரிவும் இந்தக் கணக்கில்தான் இடிக்கின்றன.

ஐரோப்பாவில் உள்ள உறவினர், “எங்கள் வீட்டில் மரத்துக்கு நடுவிலும் வேலை செய்கிறதே” என்று சொன்னால் அதை நம்பி இங்கே பூட்டாதீர்கள். செய்மதிகளின் பாதைகள் அங்கேதான் நெருங்கி வருகின்றன. பூமத்திய ரேகையை அண்டிய நம் தலைக்கு மேல் அவை ஐதாகவே ஓடுகின்றன. போதாததற்கு, டிவி செய்மதிகள் நிற்கும் வளையம் நமக்கு உச்சிக்குச் சற்றுத் தெற்கே போகிறது. அவற்றுக்கு இடையூறு வராமல் அந்தப் பட்டையை ஸ்டார்லிங்க் தவிர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே வடக்குப் பக்க வானம் மறைந்த வீட்டுக்காரர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பணம் கட்டுமுன்னரே இதைப் பார்த்துவிடலாம். ஸ்டார்லிங்க் செயலியைப் போனில் இறக்கி, அதிலுள்ள தடை பார்க்கும் வசதியால் வானத்தைக் கமராவில் வளைத்துப் பிடித்தால், எங்கே மறைக்கிறது என்று காட்டும். முற்றத்தில் நின்று பிடித்துப் பயனில்லை. தட்டு நிற்கப்போகும் உயரத்தில், கூரையில் ஏணி வைத்துப் பிடிக்க வேண்டும். பூட்டிய பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு தடவை வீடியோ அழைப்பு இரண்டு மூன்று விநாடி உறைந்து மீண்டும் ஓடினால், பெரும்பாலும் மரம்தான் காரணம். கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறினாலும் அது தீராது. நுவரெலியாப் பக்கத்து மூடுபனி இணைப்பைப் பாதிப்பதில்லை. அடைமழை சில நிமிடங்கள் அறுக்கும்.

தட்டைத் தகரக் கூரையில் நேரே திருகாதீர்கள். காற்றில் தகரம் அதிர, தட்டின் திசை மெல்ல விலகும், ஆணி ஓட்டையால் தண்ணீரும் இறங்கும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுவரிலோ மரச்சட்டத்திலோ இரண்டு இடத்தில் இறுக்கி, அதன் மேல் பொருத்துவதே நல்லது. கேபிளின் தலை கேபிளை விடப் பருமனானது. துளையிடுமுன் தலையை அளந்துகொள்ளுங்கள். சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். குரங்கும் எலியும் உள்ள இடத்தில் கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். புதுத் தட்டு “இணைப்பு இல்லை” என்று காட்டினால், கேபிள் இரு முனையிலும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். இதை விற்பவர்கள் சொல்வதேயில்லை. வழக்கமான பெரிய தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கிறது. 75 வாட் என்றே வைத்தாலும், இரவு பகலாக ஓடினால் மாதம் 54 யூனிட். வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய கட்டணம் விழுகிறது. இதுவரை 45 யூனிட்டில் நின்ற லயத்து வீடு ஒரே மாதத்தில் 100 யூனிட்டுக்குப் போய்விடும். செயலியில் உறக்க நேரம் வைத்து, நள்ளிரவு முதல் விடியும்வரை தட்டைத் தூங்க விடுங்கள். பனி உருக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்; அதற்கு இங்கே வேலையில்லை. வீட்டில் இரண்டு மூன்று பேர்தான் என்றால், 25 முதல் 40 வாட்டில் ஓடும் ஸ்டார்லிங்கின் சிறிய ‘மினி’ தட்டே போதும்.

கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வேட்டர் (பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) வழியாகப் பெரிய தட்டு அதில் ஆறு மணித்தியாலம் அளவில் ஓடும். மினி நேரே பேட்டரியில் ஏறக்குறைய 20 மணித்தியாலம் நிற்கும். ஆனால் மினிக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். தொடங்கும்போது 5 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீற்றர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், வயரிலேயே 0.9 வோல்ட் அளவு விழுந்துவிடும். தட்டு எழும்பும், அணையும், திரும்ப எழும்பும். தட்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 24 வோல்ட்டாக உயர்த்தும் பெட்டி ஒன்றும் வைத்தால் சரியாகிவிடும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி கடுமையானது. குழாயை எர்த் கம்பியில் இணைப்பது அவசியம். இடி நெருங்குமுன் பிளக்கை மட்டுமல்ல, ரூட்டரிலிருந்து தட்டுக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

பழைய தட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. முதல் சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து அதை நீக்காதவரை புதியவர் பெயரில் அது இயங்காது. அவர் உங்கள் கண்முன்னே நீக்கி, உங்கள் கணக்கில் அது ஏறிய பிறகு காசைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மின்னிணைப்பாளர் ஒருவர்,
ஹட்டன்.