பந்து விளையாடத் தடை: குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் தென் புறநகர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களை நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. பத்து வயது மகளையும் ஆறு வயது மகனையும் வைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு தேடும் பெண் நான். மேடவாக்கம், பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் என்று தரகர்கள் காட்டிய வளாகங்களை எல்லாம் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எந்த வளாகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. முகப்பில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் எது எது என்று எனக்கே அடையாளம் தெரியாது.

வீடு பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை நானும் கேட்டேன். தண்ணீர் உப்பா, லாரித் தண்ணீர் எத்தனை மாதம், 2015 வெள்ளத்தில் தரைத்தளம் முழுகியதா, 2023இல் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் மின்சாரம் இல்லை. இவற்றுக்கெல்லாம் தரகர்களிடம் சளைக்காமல் பதில் வந்தது. கடைசியாக, “சாயங்காலம் இங்கே பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவார்களா?” என்று கேட்டால் மட்டும் ஒருகணம் விழித்துவிட்டு, “சில்ட்ரன்ஸ் பிளே ஏரியா இருக்கிறது மேடம்” என்றார்கள். நான் கேட்டது அதுவல்ல என்று விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். விளம்பரத் தாளை எடுத்து அதில் அச்சாகியிருந்த ஊஞ்சலைக் காட்டினார்கள்.

அந்த ஊஞ்சலை நேரிலும் பார்த்தேன். ஒரு வளாகத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே, கட்டடம் கட்டி மிஞ்சிய மூலையில் அது இருந்தது. பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்று, ஊஞ்சல் இரண்டு, ஒரு சீசா. கீழே ரப்பர் விரிப்பு. நான்கரை மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் வைத்த என் மகன், சூடு தாங்காமல் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். பக்கத்துச் சுவரில், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இங்கே விளையாடக் கூடாது என்று எழுதியிருந்தது. அப்படியானால் பெரிய பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டேன். “ஜிம் இருக்கிறது அம்மா. அதற்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும்” என்றார். பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட எட்டு வருடங்களைப் பிள்ளைகள் எங்கே கழிப்பது என்று சங்கம் யோசித்ததாகத் தெரியவில்லை.

பலகைகள் அதோடு நிற்கவில்லை. புல்தரையில் நடக்காதீர். வாகன நிறுத்தத்தில் பந்து விளையாடத் தடை. மொட்டைமாடிக்கு அனுமதி இல்லை. லிஃப்ட் வாசலில் கூடி நிற்காதீர். ஸ்கேட்டிங், சைக்கிள் கூடாது. மீறினால் அபராதம் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்படும். இவை எல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியவையோ, அந்தப் பெற்றோரே பொதுக்குழுவில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை என்பதால் இதை மடலாகத்தான் எழுத முடிகிறது.

பிள்ளைகள் வெளியே வராததற்குக் கைபேசி, டியூஷன் என்று ஊரே காரணம் சொல்கிறது. அவை உண்மைதான், அதைப்பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெற்றோரிடம் தனியாகப் பேசினால் முதலில் வருவது இரண்டு பயங்கள்: தெருவில் வண்டி, தெரியாத ஆள். அந்த இரண்டு பயத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துத்தான் அவர்கள் உங்கள் கேட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாசலில் பதிவேடு, மூலைக்கு மூலை கேமரா, உள்ளே வரும் வண்டிக்கு வேகத்தடை. சென்னையில் ஒரு பிள்ளையைக் கவலையில்லாமல் வெளியே விடத் தோதான இடம் ஒன்று உண்டென்றால் அது உங்கள் மதிலுக்கு உள்பக்கம்தான். அங்கேதான் விளையாடக் கூடாது என்கிறீர்கள்.

என் மகளை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. தெருவில் விளையாடும் பெண் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போவார்கள். யாரும் தடை போட்டிருக்க மாட்டார்கள். “போதும், உள்ளே வா” என்பது முதலில் ஆறு மணிக்கு இருந்தது ஐந்து மணிக்கு வரும், பிறகு போகும்போதே “எதற்கு?” என்று ஒரு கேள்வி வரும். அவள் வயதுப் பையன்கள் அதற்குப் பிறகும் மைதானம் தேடி இரண்டு தெரு தள்ளிப் போய் ஆடிவிட்டு வருவார்கள். அவளுக்கு அந்த வழி இல்லை. நான்கு பேர் பார்வையில், வீட்டு ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பதினைந்து வயதுவரைக்கும் ஒரு பெண் ஓடியாட உங்கள் வளாகம் போல வாய்ப்பான இடம் வேறில்லை. பந்துக்குப் போட்ட தடை முதலில் இடிப்பது இவளைத்தான்.

சத்தம் தொந்தரவு என்பீர்கள். மதியம் கண்ணயரும் பெரியவர்களும், இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவதைக்கூடப் பொறுக்காத ஜெர்மனி, 2011இல் தன் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தி, காப்பகங்களிலும் விளையாட்டிடங்களிலும் எழும் பிள்ளைகளின் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான சத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்தது. வழக்குமேல் வழக்காக அனுபவப்பட்ட பிறகு வந்த திருத்தம் அது. நமக்குச் சட்டமே வேண்டாம், மாலை நேரம் ஒன்றை ஒப்புக்கொண்டால் போதும். ஐந்திலிருந்து ஏழுவரை சத்தம் இருக்கும் என்று தெரிந்துவிட்டால் தூங்குகிறவரும் அதற்கேற்பத் தூங்குவார். மாசம் தவறாமல் ஜெனரேட்டரைச் சோதிக்க ஓட்டும் சத்தத்தைப் பற்றி யாரும் புகார் எழுதியதாகத் தெரியவில்லை.

வண்டிகள் விஷயத்துக்கும் முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2009இல் ஒரு தெருக்காரர்கள் பள்ளி விட்ட பிறகு சில மணி நேரம் தங்கள் தெருவைக் கார்களுக்கு மூடி, பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். அது பிற ஊர்களுக்கும் பரவிற்று. அவர்கள் நகராட்சியிடம் போக வேண்டியிருந்தது. உங்கள் உள்சாலையை இரண்டு மணி நேரம் மறிக்க ஒரு கயிறும் காவலாளியும் போதும். எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணுக்கும் நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதிப்பெண்ணுக்கு அசையாத பெற்றோர்கூடக் கண்ணாடி என்றால் அசைவார்கள். கிட்டப்பார்வையைக் குறைக்க, பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கவேண்டும் என்று தைவானில் 2010 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு அதன்பின் இறங்கத் தொடங்கியது.

இத்தனை வளாகங்களில் காணாததை மடிப்பாக்கத்தில் ஒரு முட்டுச்சந்தில் கண்டேன். சந்தின் கோடியில் உள்ள வீட்டுக்குத் தெருக்குத்து என்று வாடகை குறைவு. வாஸ்து பார்க்கிறவர்கள் வாசல் மிதிப்பதில்லை என்று தரகர் சங்கடத்தோடு சொன்னார். அந்தத் தெருக்குத்துதான் அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. குறுக்கே போக வழியில்லாததால் அந்தத் தெருக்காரர்களின் வண்டியைத் தவிர வேறு வண்டி வருவதில்லை. கோடி வீட்டு மதிலில் கரியால் மூன்று கோடு, அதுதான் ஸ்டம்ப். சாலையில் செங்கல் துண்டால் போட்ட பாண்டிக் கட்டம். ஒரு கேட் ஓரமாகச் செருப்புகள், ஜோடி தெரியாமல்.

நாங்கள் நின்ற நேரத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நேராக மதிலைத் தாண்டினால் அவுட், அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும், ஒரு குத்து குத்தி வந்த பந்தைப் பிடித்தாலும் கேட்ச். என் மகன் ஓரமாக நின்று பார்த்தான். அவனைவிடச் சற்றே பெரிய பெண் ஒருத்தி வந்து பெயர் கேட்டாள். பிறகு அணித் தலைவனைப் பார்த்து, “இவன் ஒப்புக்குச் சப்பாணி” என்று அறிவித்தாள். அவ்வளவுதான், அவன் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான். மட்டை அவன் கைக்கும் வரும். ஆனால் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஓட்டமும் கணக்கில் இல்லை. வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த பையன் அவனுக்கு மட்டும் உருட்டிவிட்டான். எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்காமல், சிறியவனை விலக்காமல் ஆட்டத்தையும் கெடுக்காமல் சேர்த்துக்கொள்ளும் வித்தை அது. மாசக் கட்டணம் வாங்கி வயதுவாரியாகப் பிரித்து நடத்தும் உங்கள் வளாகத்து ஸ்கேட்டிங் வகுப்பில் இதைக் கற்றுக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் அங்கே ஆறு வயதுக்காரனும் பதினொரு வயதுக்காரியும் சந்திப்பதே இல்லை.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். பந்து வீசிய பையன் எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன். உங்கள் வளாகங்களிலும் இஸ்திரி போடுகிறவர், காவலாளி, தோட்டக்காரர் குடும்பங்கள் உள்ளேயே, பின்புறத்து அறைகளில் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் ஊஞ்சலில் உட்காரக் கூடாது என்று பலகை எதுவும் இல்லைதான். ஆனால் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். ஒரு செயலாளர், “அதெல்லாம் சுகாதாரப் பிரச்சினை மேடம்” என்று என்னிடமே சொன்னார். அந்த வளாகத்து வீட்டை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

இதோடு சேர்த்துத் திறந்தவெளி ஒதுக்கீடு என்கிற ஓ.எஸ்.ஆர். நிலத்தையும் பேசிவிட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் கட்டும்போது, சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தை ஒதுக்கி உள்ளாட்சிக்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதி. 3,000 சதுர மீட்டருக்கு மேல் அந்த அளவுவரை உள்ளவர்கள் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் விதியில் வழி இருக்கிறது. பணத்தின்மேல் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட முடியாது என்பது வேறு விஷயம். எழுதிக் கொடுத்த நிலம் ஊருடையது. அதற்குத் தனிக் கம்பிவேலி போட்டு, உங்கள் கேட் வழியாக மட்டும் நுழையும்படி பூட்டி வைத்திருப்பதை நான் பார்த்தேன். அந்தப் பூட்டைக் கழற்றி, தெருப் பக்கம் ஒரு வாசல் வையுங்கள். வெளித்தெருப் பிள்ளைகள் வந்தால்தான் ஒரு கபடிக்கே ஆள் சேரும். ஐம்பது வீடு இருந்தாலும் ஒரே நேரத்தில் இறங்கி வரும் பிள்ளைகள் ஐந்தாறு பேர்தான் இருக்கிறார்கள் என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் வைக்க ஒரு தீர்மானம் எழுதித் தருகிறேன். திருத்திக்கொள்ளுங்கள்.

“தினமும் மாலை 5 மணியிலிருந்து 7 மணிவரை வளாகத்தின் உள்சாலையும் புல்தரையும் விளையாட்டுக்கு உரியவை. அந்நேரத்தில் உள்சாலையில் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் நடைவேகத்தில் ஓட்டவேண்டும். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, சைக்கிள், பாண்டி, கோலி அனுமதிக்கப்படும். கிரிக்கெட் கட்டைப்பந்து அனுமதி இல்லை. வளாகத்தில் வசிக்கும், வேலை செய்யும் அனைவரின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இதற்கு முரணான பலகைகள் அகற்றப்படும்.”

கார் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். விளையாடும் பிள்ளைகளின் வீடுகள் மாசம் ஐம்பது ரூபாய் போட்டு ஒரு நிதி வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருக்கிறவர்களும் அதில் சேருவார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நான் வீடு மாறியாக வேண்டும். தீர்மானத்தை நிறைவேற்றும் சங்கம் எதுவாயினும், காலியாக இருக்கும் வீட்டின் விவரத்தைத் தரகரிடம் சொல்லி வையுங்கள். மற்ற சங்கங்களிலிருந்து பதில் வரும்வரை மடிப்பாக்கத்துத் தெருக்குத்து வீட்டுக்காரரிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
வீடு தேடும் ஒரு தாய்