பதில் தாமதிக்கும் ஜெபத்தைக் குறித்து

அன்புள்ள நண்பனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. என் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது வேதாகமத்தின் பொடி எழுத்துகளைக்கூடச் சிரமமின்றிப் படிக்கிறேன். அதற்காக நீ ஏறெடுத்த ஜெபத்துக்கு நன்றி. எனக்காக நீ கேட்டது இத்தனை சீக்கிரம் கிடைத்துவிட, உன் மகனுக்காக நாம் இருவரும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவருவது இன்னும் கிடைக்கவில்லையே என்பது நன்றி சொல்லும்போதே மனதை உறுத்துகிறது.

அவன் குடியை விடவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். அதைவிட, உன் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று சபையில் ஒருவர் உன்னிடம் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபிடம் அவன் நண்பர்கள் மூவரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டது அவர்களை. புலம்பியும் வழக்காடியும் பேசிய யோபையோ, தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினவன் என்றார். அவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பும் அந்த யோபிடமே ஒப்படைக்கப்பட்டது. இதை உன்னிடம் பேசினவருக்கு யாராவது வாசித்துக் காட்டினால் நன்றாயிருக்கும்.

ஜெபிக்க உட்கார்ந்தால் முறையீடுதான் வாயில் வருகிறது, இது பாவமோ என்று கேட்டிருக்கிறாய். சங்கீதம் 13-ஐ எடுத்துப் பார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, "எதுவரைக்கும்" என்ற கேள்வியையே தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதுவாவது பாட்டில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல், உற்றவர்கள் எல்லாரும் விலகிப்போன துயரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் அதை எழுதியவன் இரவும் பகலும் கூப்பிட்டது தேவனை நோக்கித்தான். நம்பிக்கை அற்றுப்போனவன் முறையிடமாட்டான், பேசாமல் எழுந்து போய்விடுவான் என்பதால், நீ இன்னும் அவரிடமே போய் முறையிடுவதை நான் விசுவாசம் என்றுதான் எண்ணுகிறேன்.

மகனுக்காக ஜெபிக்கிற உனக்கு, பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்கா அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவர் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார் என்பது எல்லாரும் அறிந்ததே. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மகன் அகஸ்டின் தன்னை விட்டுக் கடல் கடந்து ரோமாபுரிக்குப் போய்விடக் கூடாது என்று அவர் கரையிலிருந்த ஒரு ஜெபாலயத்தில் இரவெல்லாம் மன்றாடினார். அந்த இரவிலேயே மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். தாய் அன்று கேட்டது கிடைக்கவே இல்லை. ஆனால் அப்படிப் போன இத்தாலியில்தான் அகஸ்டின் மிலான் நகரின் பேராயரான அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டார். 387-இல் அந்த நகரிலேயே அம்புரோசின் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அன்றைக்குக் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை என்று பின்னாளில் மகனே எழுதினார்.

இதைச் சொல்லிவிட்டு, உனக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி கூறத் துணியமாட்டேன். சாட்சிக் கூட்டங்களில் பதில் பெற்றவர்களே எழுந்து பேசுகிறார்கள். பெறாதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். வேதமோ அவர்களை மறைப்பதில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை மட்டும் வந்தது. விசுவாச வீரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் எபிரெயர் 11-ஆம் அதிகாரமும், அவர்கள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று முடிவில் ஒளிவின்றிச் சொல்லுகிறது. இது எளிதில் ஆறுதல் தரும் செய்தியல்ல. எனக்கும் இன்னும் முழுவதும் பழகவில்லை. ஆனால், காத்திருந்தும் பதிலைக் காணாத நீ விசுவாசிகளின் கூட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை என்பதையாவது இதிலிருந்து நிச்சயமாகச் சொல்லலாம்.

சில இரவுகளில் மகன் பெயரைச் சொல்லி ஜெபிக்கவும் பெலன் இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இரவுகளில் ஜெபிக்காதே, தூங்கு. திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" மன்னித்தார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் அந்த வேளையில் எதையாவது நம்பினானா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் அந்த இரவுகளில் அவன் பெயரைச் சொல்வதை என்னிடம் விட்டுவிடு. என் வீட்டில் குடும்ப ஜெபத்தில் அவன் பெயர் இதுவரை விடுபட்டதில்லை.

அவனிடமிருந்து செய்தி வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது; நல்ல செய்திக்காகக் கடிதத்தை நிறுத்தி வைக்காதே. வீட்டில் தங்கைக்கு என் அன்பைச் சொல்.

கிறிஸ்துவுக்குள்,
உன் பழைய நண்பன்