நல்ல பாரிஸ்டர் கேட்டாயே, மாப்ள

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி மட்டும் பழையபடி. கண்ணபுரம் தேருக்குப் போன சாக்கில் ரெண்டு நாள் வெயிலில் மாட்டுச்சந்தை சுற்றினேன், இப்போது தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மயிலைக் கன்று மனசுக்குப் பிடித்தது, விலை படியவில்லை. தென்னையில் வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கிறது. சரி, அதெல்லாம் நேரில்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கூடப்பிறந்த அம்மிணி குடும்பச் சொத்தில் பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டாள், "நல்ல பாரிஸ்டரா ஒருத்தரைச் சொல்லு, கேஸே நிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறாய். பாரிஸ்டர் என்றதும் எனக்கு உங்கப்பா ஞாபகம்தான் வந்தது. நாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் "வந்துட்டாரு பாரிஸ்டரு" என்பாரே. அந்தப் பாரிஸ்டர் எல்லாம் லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்த காலத்தோடு சரி. அங்கே இன்றைக்கும் காகிதம் தயார் பண்ண சொலிசிட்டர், கோர்ட்டில் நின்று பேச பாரிஸ்டர் என்று தனித்தனி ஆள். இங்கே 1961 வழக்கறிஞர் சட்டம் வந்தபிறகு எல்லாரும் அட்வகேட்தான். பத்திரம் படிப்பதும், நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதும், சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணுவதும் ஒரே ஆள் வேலை. பேச்சு மட்டும் கணீரென்று இருந்தால் போதாது.

என் தடம் கேஸ் உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகச் சொன்னதில்லை. மேற்குக் காட்டுக்காரர் என் நிலத்துக்குப் போகிற இட்டேரியில் (ரெண்டு வேலிக்கு நடுவே போகிற தடம்) கல் நட்டுக் கம்பி கட்டினதும், ஊரே கைகாட்டின ஒரு பெரிய வக்கீலிடம் போனேன். சுவர் முழுக்கத் தடிதடியாய்ச் சட்டப் புத்தகம், எட்டு ஜூனியர். பெரியவர் என் முகத்தைப் பார்த்தது மொத்தமாக ஏழு நிமிஷம் இருக்கும். பத்திரக் கட்டை அவிழ்க்கவேயில்லை. "ஸ்டே வாங்கிடலாம்" என்றார், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன், அப்புறம் மூணு வருஷம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேறு வேறு ஜூனியர் வருவார், என் காடு தடத்துக்குத் தெற்கே இருக்கா வடக்கே இருக்கா என்பதே அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் தாராபுரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். ஒரே ரூம், மின்விசிறி சத்தத்தில் பேசுவது பாதி கேட்காது. அந்த அம்மா கட்டைப் பிரித்து, எங்க தாத்தா காலத்துப் பாகப் பத்திரத்தை எடுத்து, நாலு எல்லையும் சொல்கிற செக்குபந்தியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக ஓட்டிக்கொண்டே வந்தவர், "மாமூல் வண்டித்தடத்தில் ஆள் மாடு வண்டி போக வர பாத்தியம்" என்ற இடத்தில் நின்றார். "இது உங்க பிராதுல எங்கீங்க?" என்றார், கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவைத்தான் கேட்டார். எங்கேயும் இல்லை மாப்ள. பெரியவர் ஆபீஸில் "வேறு வழியே கிடையாது, அவசியத் தடம்" என்று மட்டும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கிழக்கே சுற்றிப் போகிற பஞ்சாயத்து ரோடு ஒன்று இருக்கிறதே, அதை எதிர்க்கட்சி காட்டினால் அந்த வாதம் அங்கேயே படுத்துவிடும். பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்த உரிமை என்றால் வேறு வழி இருக்கிறதா என்ற பேச்சே இல்லை, 20 வருஷமாக நடந்தேன் என்று நிரூபிக்கவும் வேண்டாம். நல்லவேளை விசாரணை ஆரம்பிக்கவில்லை, பிராதைத் திருத்த முடிந்தது. சாட்சி ஏறினபிறகு போயிருந்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு லேசில் விட்டிருக்கமாட்டார்கள்.

அதே மேசையில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "தடம் வரும். நஷ்டஈடுன்னு ரெண்டு லட்சம் கேட்டிருக்கீங்களே, அது வராதுங்க, ஆதாரம் ஒண்ணும் இல்லை, விட்டுருங்க." சுருக்கென்றது. கோபமாகத்தான் வெளியே வந்தேன். பஸ் ஏறி காங்கேயம் வருவதற்குள் கோபம் போய்விட்டது. கோர்ட் அனுப்பின கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்துவிட்டுப் போன அடுத்த மாசமே எதிர்க்கட்சி பேச வந்துவிட்டது, அது தனிக்கதை.

இப்போது உன் கதை. கோபப்படாமல் படி.

"அவளுக்கு 84லேயே கல்யாணம் ஆச்சு, நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சு, பங்கு ஏது" என்கிறாய். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பங்கு இல்லை. ஆனால் 2005 செப்டம்பர் 9இலிருந்து மத்தியச் சட்டம் கல்யாணம் ஆச்சா இல்லையா என்று பார்ப்பதேயில்லை. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது, அதையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடித்துவிட்டது: வேண்டியதில்லை, மகளும் பிறப்பாலேயே பங்காளி. உங்கப்பா தவறினது 2009இல், ஆக உனக்கு அந்தச் சந்தும் இல்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவான பாகப் பத்திரம் இருந்தால் பேசலாம். நீ சொல்கிற 98ஆம் வருஷத்துப் பாகம் திண்ணையில் உட்கார்ந்து வாயால் பேசினது, கோர்ட்டில் அதை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். இதெல்லாம் பூர்வீகமாக வந்த தடப்பள்ளி வாய்க்கால் வயலுக்கு. மேட்டுத் தோப்பு உங்கப்பா கைக்காசில் வாங்கினது இல்லையா? அதற்கு உயில் எழுதாமல் போயிருந்தால் 1956ஆம் வருஷத்து மூலச் சட்டப்படியே மகளுக்கும் சரிபங்கு.

வக்கீல் தேடுகிறாயே, இதை வைத்தே சோதித்துப் பார். "கல்யாணமான பொண்ணுக்கு ஏதுங்க பங்கு, பாத்துக்கலாம்" என்று சொல்லி அட்வான்ஸ் கேட்கிறவர், ஒன்று 1989இலேயே நின்றுவிட்டவர், இல்லை உன் கோபத்தில் பத்து வருஷம் சோறு சாப்பிட நினைக்கிறவர். பாகக் கேஸில் முதலில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை), அப்புறம் நிலத்தை அளந்து பிரித்துக் கொடுக்க இன்னொரு டிக்ரி, நடுவில் அப்பீல் என்றால் மெட்ராஸ் வரை போகும். நமக்கு என்ன வயசு?

கோயம்புத்தூர் ஆள் வேண்டாம். நிலம் எங்கேயோ அங்கேதான் கேஸ் போடமுடியும், கோபிசெட்டிபாளையம் கோர்ட்டில் தினமும் நிற்கிற ஆளாகப் பார். ஒரு நாள் காலையில் பத்தரைக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கேஸ் கூப்பிடும்போது கட்டோடு தயாராக எழுந்திருப்பது யார், "டைம் வேணுங்க" என்பது யார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பையனிடம் சொல்லி இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடச் சொல், அவர் கேஸ்கள் எத்தனை வாய்தா தாண்டியிருக்கின்றன என்று வரும். (என் பழைய கேஸை அதில் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.) டீக்கடையில் நின்று ஆள் பிடிக்கிறவனோடு போகாதே. "ஜெயிச்சா பத்துப் பர்சென்ட் குடுங்க" என்பாரிடமும் போகாதே, சொத்தில் பங்கு பேசிக் கேஸ் எடுக்க பார் கவுன்சில் விதியே அனுமதிக்கவில்லை. பீஸை எந்தெந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டு எழுதிக்கொள், கேட்பதில் வெட்கம் என்ன.

ஒன்றே ஒன்று அவசரம். நோட்டீஸில் 15 நாள் கொடுத்திருக்கிறது, அதில் ஐந்து போச்சு. வக்கீல் அமைவதற்குள் கோபத்தில் நீயாகப் பதில் எழுதிவிடாதே. பதிலில் "பாகம் ஏற்கனவே ஆச்சு" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடைசிவரை அதையேதான் சுமக்கணும். பதிலே போடாமல் விட்டாலும் பின்னால் குத்திக் காட்டுவார்கள். உங்கப்பாவின் டிரங்குப்பெட்டியை அப்படியே வை, வில்லங்கச் சான்றிதழ் மட்டும் எடுத்து வை, சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட்டு வக்கீல் ஆபீஸுக்குப் போகலாம்.

அப்புறம் அம்மிணி நம்பரை அனுப்பு. உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உன் பக்கத்தில் நின்றவள், நான் எப்போது வந்தாலும் சந்தவை பிழிந்து போட்டவள். என்ன கேட்கிறாள், வயலா தோப்பா பணமா, இல்லை ஒரு வார்த்தை கூப்பிடாமல் மேட்டில் புது வீட்டுக்கு நீ பால் காய்ச்சினாயே அந்தக் கோபமா என்று நான் கேட்டுப் பார்க்கிறேன். நான் பேசும்போது நீ பக்கத்தில் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் என் பீஸ்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்