வயலின் மாணவர்களும் வலக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காக வயலின் கற்கும் என்னைப் போன்றோர், பாடல்களையும் விரல் வைக்கும் இடங்களையும் மனத்தில் பதிப்பதற்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட வில் பிடிக்கும் வலக்கைக்குக் காட்டுவதில்லை. சுருதி பிசகினால் அது இடக்கையின் குற்றம்; ஆனால், கேட்பவர் முகம் சுளிக்கும் கீச்சொலிக்குப் பெரும்பாலும் வில்தான் காரணம்.

வில் தந்தியை வெறுமனே உரசுவதில்லை. ரோஸின் என்னும் பிசின் பூசிய, வில்லில் கட்டிய குதிரைமுடி தந்தியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மீண்டும் பற்றுகிறது. 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய தந்தியில் இது வினாடிக்கு 440 முறை நிகழ்கிறது. இந்தப் பிடிப்பு சீராக அமைய, வில்லின் வேகம், தந்தியின்மேல் இறங்கும் எடை, குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) வில்லுக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். குதிரைக்கு அருகே வாசித்தால் எடை கூடி வேகம் குறைய வேண்டும். விரல்பலகைப் பக்கம் நகர்ந்தால் இது தலைகீழாகும். ஆகவே, ஒலி மெலியும்போதெல்லாம் 'இன்னும் அழுத்து' என்று சொல்வது பாதி நேரம் தவறான மருந்து.

வில்லின் எடை ஏறத்தாழ 60 கிராம்தான். கைப்பிடிப் பக்கம் கனமாக இருப்பதால் அங்கே வாசிக்கையில் சுண்டுவிரல் அந்தக் கனத்தைத் தாங்க வேண்டும். நுனியை நெருங்க நெருங்க, ஆள்காட்டி விரல் வழியாகக் கையின் எடை தந்திக்கு இறங்க வேண்டும். கட்டைவிரல் விறைத்து நீண்டிருந்தால் இவ்விரண்டுமே நடவா. நானே மூன்று ஆண்டுகள் அப்படி வாசித்துவிட்டு, குறை வாத்தியத்தில்தான் என்று எண்ணி வேறு வயலின் தேடிக்கொண்டிருந்தேன்.

நாள்தோறும் முதல் பத்து நிமிடங்கள், இடக்கை விரல்களை வைக்காமல், கண்ணாடி முன் நின்றோ அமர்ந்தோ, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, ஒரு வில்லுக்கு எட்டுத் தட்டு என இழுத்துப் பார்த்தால் போதும். வில் குதிரைக்கு இணையாக ஓடாவிட்டால் கண்ணாடி உடனே காட்டிக்கொடுக்கும். முழங்கை விரியாமல் மேற்கை முழுவதும் பின்னால் போவதே பலரிடம் காணும் பிழை. வில்லை மிகையாக முறுக்குவதும் ரோஸினை அப்புவதும் தனிக்கதை.

அனுபவமிக்க வயலின் கலைஞர்கள் தங்கள் வில் பயிற்சியைத் தொடக்க மாணவர்களுக்கு விளக்கி எழுத, தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயலின் மாணவர் ஒருவர்