பலாலி–சென்னைப் பறப்பை மாணவரிடம் கொடுங்கள்: பொறியியல் பீடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடாதிபதி அவர்கட்கும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் விமானங்களை வடிவமைப்பது வளர்ந்த நாடுகளின் அலுவல் என்று நம்மவர் ஒதுங்கிவிடுகின்றனர். பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையோடு வேறொரு கோரிக்கையை உங்கள்முன் வைக்கிறேன்: பலாலி–சென்னைத் தூரத்துக்கென்றே ஒரு விமானத்தை வடிவமைக்கும் பணியை இறுதியாண்டுச் செயற்றிட்டங்களுள் ஒன்றாக மாணவரிடம் கொடுங்கள்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏ.ரி.ஆர். 72 என்ற சுழலி விமானமே. அதன் யன்னல்களுக்கு மேலே நீண்டு ஒடுங்கிய சிறகையும், ஆறு தகடுகள் கொண்ட அகன்ற சுழலியையும் பார்த்தாலே வடிவமைப்பின் நியாயம் விளங்கும். பெருமளவு காற்றை மெதுவாகப் பின்தள்ளும் சுழலிக்கு, சிறிதளவு காற்றை மிக வேகமாகத் தள்ளி அதே உந்துதலைப் பெறுவதைவிடக் குறைந்த சக்தியே போதும். சிறகு நீண்டு ஒடுங்க, அதன் நுனியில் சுருளும் காற்றால் எழும் இழுவையும், அதாவது விமானத்தைப் பின்னிழுக்கும் விசையும், குறைகிறது. ஜெற் விமானம் வேகமானதுதான். ஆனால் நானூறு கிலோமீற்றருக்கும் குறைந்த பயணத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே நேரத்தின் பெரும்பங்கு போய்விடுவதால், அதன் வேகத்தால் பயணிக்கு மிஞ்சுவது சொற்ப நேரமே.

விமான எரிபொருளான மண்ணெண்ணெய் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஆயினும் இதை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்கே போட்டவர்களாவோம். பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகைக்கோ அதற்கும் கீழேயோ குளிர்ந்த, ஈரப்பதன் மிகுந்த உயரத்தில், இயந்திரம் கக்கும் நீராவி பனிப்பளிங்குகளாக உறைந்து, சிலவேளை மணிக்கணக்கில் படர்ந்த முகிலாகி, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை மறிக்கிறது. விமானங்களால் நேரும் வெப்பமாதலில் பாதிக்கும் மேற்பட்டது காபனீரொட்சைட்டு அல்லாத காரணிகளால் விளைகிறது என்றும், அவற்றுள் இம்முகிலே முதன்மையானது என்றும் 2021இல் வெளியான விரிவான மதிப்பீடு ஒன்று கூறியது. அந்த எண்களில் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் ஆய்வாளர்களே எடுத்துரைத்தனர். அப்படியிருந்தும், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2017இல் புதிய விமானங்களுக்கென ஏற்றுக்கொண்ட நியமம் காபனீரொட்சைட்டை மாத்திரமே கருதுகிறது. இது பெருங்குறை என்பது என் உறுதியான எண்ணம்.

நமது அகலக்கோட்டில் ஏ.ரி.ஆர். எட்டக்கூடிய 25,000 அடி உயரம் அத்தனை குளிரானதன்று. அங்கே அந்த முகில் தோன்றாது. எனவே எரிபொருள், உயரம், வேகம் மூன்றையும் சேர்த்தே மாணவர் கணிக்கட்டும். மின்கலத்தையும் அவர்கள் எடைபோட்டுப் பார்க்கட்டும்: இன்றைய மின்கலம் ஒரு கிலோவில் தாங்கும் சக்தி, மண்ணெண்ணெயினதில் நாற்பதில் ஒரு பங்கை எட்டுவதே அரிது என்பதால், முழுப் பறப்புக்கன்றி ஏற்றத்துக்கு மட்டும் அது உதவுமா என்பதே பயனுள்ள கேள்வி. தொடக்கக் கணிப்புகளுக்கு, மாதிரி விமானத்தின்மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் தேவையில்லை, கணினி போதும்.

அடுத்த கல்வியாண்டுக்கான செயற்றிட்டத் தலைப்புகளைத் தெரிவுசெய்யும்போது இதனையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.