பார்முலா மனப்பாடம், லேபிள்தான் படிக்கத் தெரியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் "அடுத்து என்ன படிக்கலாம்" பக்கங்கள் வந்துவிடும். நர்சிங் பற்றியும் எழுதுவீர்கள். வெளிநாட்டு வேலை, சம்பளம், சேவை மனப்பான்மை எல்லாம் அதில் இருக்கும். மருந்தின் அளவைச் சரியாகப் போடக் கணக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. "மேத்ஸ் வராது மேடம், அதனாலதான் நர்சிங் எடுத்தேன்" என்று என்னிடம் சொன்ன பிள்ளைகளுக்கு ஒரு கணக்கே இல்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். டிப்ளமோவுக்கு எந்தக் குரூப் படித்திருந்தாலும் சரி. பத்தாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு வருகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான், அதனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஏறக்குறைய முப்பது வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு நர்சிங் கல்லூரியில் பிள்ளைகளை வார்டுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டோஸ் கணக்குக்கான பார்முலாவைச் சொல்வார்கள்: கொடுக்க வேண்டிய மருந்தின் அளவைக் குப்பியில் இருக்கிற மருந்தின் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லிலிட்டரில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் சரியாகவே செய்கிறார்கள். அதே பிள்ளையின் கையில் மருந்துப் பெட்டியைக் கொடுத்து, டாக்டர் மருந்து எழுதிய கேஸ் ஷீட்டையும் கொடுத்து, "ஊசியில் எவ்வளவு எடுப்பாய்?" என்று கேட்டால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. வகுத்தல் தெரிகிறது, எதை எதால் வகுப்பது என்று அந்தச் சின்ன எழுத்து லேபிளில் கண்டுபிடிக்கத்தான் தெரியவில்லை. டோஸ் கணக்கில் வரும் தப்பில் முக்கால்வாசி பென்சில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, பச்சிளங்குழந்தை வார்டில் நைட் டியூட்டி. இரண்டரைக் கிலோ குழந்தை, ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஆக 12.5 மில்லிகிராம். அந்த வார்டில் எப்போதும் குழந்தைகளுக்கான குப்பிதான் இருக்கும், 2 மில்லியில் 20 மில்லிகிராம். அப்படியானால் 1.25 மில்லி எடுக்க வேண்டும். எனக்கு அந்த எண் பழகிவிட்டது, கை தானாக எடுத்தது. அன்று அந்தக் குப்பி தீர்ந்துபோய், யாரோ பெரியவர்களுக்கான குப்பியைக் கொண்டுவந்து அதே தட்டில் வைத்திருந்தார்கள். 2 மில்லியில் 80 மில்லிகிராம். குப்பியும் அதே உயரம், மூடியும் ஏறக்குறைய அதே நிறம். நான் சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்தது 50 மில்லிகிராம், நான்கு மடங்கு! எடுத்திருக்க வேண்டியது 0.3 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடிய மருந்து அது. சீனியர் சிஸ்டர் ஒருவர் வந்து, "சிரிஞ்ச் இருக்கட்டும், குப்பியைக் காட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திட்டக்கூட இல்லை. என் கணக்கில் தப்பே கிடையாது, ஆனால் அது வேறொரு குப்பிக்கான கணக்கு.

இன்சுலின் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே யாரும் கணக்கே போடுவதில்லை, சிரிஞ்சில் உள்ள கோட்டைப் பார்த்து இழுத்துவிடுகிறோம். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடி. மில்லிக்கு நூறு யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் எடுத்தால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட். மாற்றிச் செய்தால் வெறும் 8 யூனிட். முதலாவதில் சர்க்கரை சரிந்து ஆள் மயங்கிவிடுவார், இரண்டாவதில் ஏன் சர்க்கரை குறையவே இல்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். வீட்டில் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் இதைப் படித்தால் ஒருமுறை மூடியின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த லட்சமும் மில்லியனும். பென்சதீன் பென்சிலின் குப்பியில் நம் ஊரில் 12 லட்சம் யூனிட் என்பார்கள், வெளிநாட்டுப் புத்தகத்தில் அதுவே 1.2 மில்லியன். புத்தகத்தில் படித்த பிள்ளை வார்டில் வந்து விழிக்கிறது. மெக்னீசியம் சல்ஃபேட் ஆம்பியூலில் (கழுத்தை உடைத்து எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) "50%" என்று போட்டிருக்கும், ஒரு மாணவி, "பாதி ஆம்பியூல் போடணுமா மேடம்?" என்று கேட்டாள். சிரிக்காதீர்கள், கேட்டாளே, அதுவே பெரிது. 100 மில்லியில் 50 கிராம், ஆகவே 2 மில்லி ஆம்பியூலில் ஒரு கிராம் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரசவ வார்டில் வலிப்பு வந்த தாய்க்கு அவசரத்தில் உடைக்கிற மருந்து இது, அங்கே நின்று சதவீதம் படிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் இப்போது செல்போனில் ஆப் இருக்கிறதே என்கிறார்கள். தப்பான எண்ணைத் தட்டினால் தப்பான விடையை மூன்று தசம ஸ்தானம் வரை அழகாகக் காட்டும், அவ்வளவுதான். இரண்டு பேருக்குச் சோறு வடிக்க எட்டு ஆழாக்கு அரிசி என்று யாராவது சொன்னால் நாம் நின்று கேட்போமா இல்லையா? அதுபோல, ஒரே டோஸுக்கு ஐந்து ஆம்பியூல் உடைக்க வேண்டி வந்தால் கை நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் சரிபார்ப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. "1.2 மில்லி, சரிதானே அக்கா?" என்று விடையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் டியூட்டி அவசரத்தில் அந்த அக்கா தலையாட்டத்தான் செய்வார். விடையைச் சொல்லாமல், கேஸ் ஷீட்டையும் குப்பியையும் நீட்டி அவரையே போடச் சொல்ல வேண்டும், இரண்டு விடையும் ஒத்துப்போனால் ஊசி.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். நம் தேர்வுகளில் 50 மார்க் எடுத்தால் பாஸ். டோஸ் கணக்குக்கும் அதே அளவுகோல்தான், பத்துக் கணக்கில் ஐந்தைத் தப்பாகப் போட்டாலும், ஏன், கணக்குக் கேள்வியையே விட்டுவிட்டாலும் மற்ற கேள்விகளில் தேறிவிடலாம். பிரிட்டனில் நர்சிங் கவுன்சில் 2018இல் கொண்டுவந்த படிப்பு விதிகளில், மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் தேர்ச்சி என்று வைத்திருக்கிறார்கள். நம் பெண்கள் அங்கே வேலைக்குப் போக எழுதும் தேர்விலும் கணக்குக்கென்று தனிப் பகுதி உண்டு, அதற்குக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி உட்கார்ந்து படிக்கிறார்கள். லண்டன் நோயாளிக்காகக் கற்றுக்கொள்வதை நம் நோயாளிக்காக முதலாண்டிலேயே ஏன் கற்றுக்கொடுக்கக் கூடாது?

கல்லூரிகள் நினைத்தால் செலவில்லாமல் செய்யலாம். வார்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம், நிஜப் பெட்டி, நிஜ சிரிஞ்ச், தண்ணீர். கணக்கைத் தாளில் முடிக்காமல் சிரிஞ்சில் இழுத்துக் காட்ட வேண்டும். முதலாண்டோடு விட்டுவிடாமல் கடைசி ஆண்டு வரை. நோயாளிக்கு முதல் ஊசி போடும் முன் பத்துக்குப் பத்து, தப்பினால் திட்டாமல் திரும்ப எழுத விடலாம். காலிக் குப்பிகளை வார்டிலிருந்து எடுத்துவர மருத்துவக் கழிவு விதி இடம் தராது, அதனால் நான் அட்டைப்பெட்டிகளையும் லேபிள் போட்டோக்களையும் வைத்துச் சமாளிக்கிறேன். ஒரு செருப்புப் பெட்டி நிறையச் சேர்த்துவிட்டேன், ஆனால் குழந்தைகளுக்கான மருந்துப் பெட்டிகள் குறைவு. இதைப் படிக்கும் மருந்துக்கடைக்காரர்கள் காலி அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போடாமல் பக்கத்து நர்சிங் கல்லூரிக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.