கிதார் பின்னால் போனால் மெட்டல் செத்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மெட்டல் என்றாலே, அதாவது கிதார் கனமாக அதிரும் அந்த ராக் இசை என்றாலே, வெறும் கூச்சல் என்று உங்கள் இசைப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார், படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க் குழு பாரடைஸ் லாஸ்ட் 1999-ல் வெளியிட்ட 'ஹோஸ்ட்' ஆல்பத்தை அவர் ஒரு தடவை கேட்கட்டும். 1991-ல் 'காத்திக்' என்றே ஒரு ஆல்பம் போட்டவர்கள், எட்டு வருஷத்தில் உறுமிப் பாடுவதை விட்டு, கிதாரைப் பின்னால் தள்ளி, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

காரைக்குடியில் எங்கள் நண்பர்களுக்குள்ளும் இதே சண்டைதான். "டெபெஷ் மோட் மாதிரி இருக்கு, மெட்டல் எங்கே?" என்பான் ஒருவன். அந்த இங்கிலாந்து எலெக்ட்ரானிக் இசைக் குழுவின் சாயல் இருக்கிறது, சரி. நடுவில் சில பாட்டுகள் ஒரே வேகத்தில் போவதும் உண்மை. ஆனால் கானாடுகாத்தானில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற எங்கள் பெரிய வீட்டைத் திறந்த அன்று, வளவில் சின்ன ஸ்பீக்கரில் இதைப் போட்டோம், ஆத்தங்குடிக் கல் தரையிலும் தூண்களிலும் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தபோது, முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி "யாருப்பா இப்படி ஏங்கிப் பாடுறது?" என்று கேட்டார்கள். பாஷை தெரியாதவருக்கும் அந்தச் சோகம் போய்ச் சேர்ந்தது, எனக்கு மெட்டல் என்றால் அதுதான்.

அப்புறம், 2023-ல் பாடகர் நிக் ஹோம்ஸும் கிதார் கலைஞர் கிரெக் மெக்கின்டாஷும் 'ஹோஸ்ட்' என்றே பெயர் வைத்த தனிக் குழுவாக ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அதைப் பற்றியும் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

வாசகர்,
காரைக்குடி